பட்டாளத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவன்

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவனைப் பார்த்து "இவன் பட்டாளத்துக்குத்தான் லாயக்கு" என்று சொல்லியிருப்பார்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அது பாராட்டா வசவா என்று அன்றைக்கே தெரியாது. படிப்பு ஏறாதவன், வாத்தியாரை முறைத்தவன், அடுத்த வீட்டு ஓட்டில் கல்லெறிந்தவன், அத்தனை பேரையும் பெரியவர்கள் வாயாலேயே பட்டாளத்துக்கு அனுப்பிவைத்தார்கள். என்னையும் அனுப்பினார்கள். நான் ஒரு இடத்தில் இருக்காதவன். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி ஏலக்காய் லாரியில் ஏறிப் போடிக்குப் போய்விடுவேன். "சுத்துற கழுதைக்குப் பட்டாளம்தான் சரி, சர்க்கார் செலவுல சுத்தலாம்" என்பார்கள்.

பிற்பாடு வளர்ந்து ஒரு தடவை ஆள் எடுப்பு வரிசையில் போய் நிற்கவும் செய்தேன். வெயில் ஏறியது, வரிசை நகரவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று விலகினேன். திரும்பிப் போகவில்லை. எனக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது என் இரண்டு அண்ணன்களைப் பற்றி.

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், அதற்கு லயம் என்று பேர். தகரக் கூரை. மழை பிடித்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, சண்டைகூட மழை விட்ட பிறகுதான் தொடரும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து விறகுப் புகையும் காயின் வாசனையும் கலந்து வரும். வெளியூர்க்காரர்கள் அதை மணம் என்பார்கள். எங்களுக்கு அது துணியிலும் சோற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று. விடியும் முன் ஒரு தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பார்கள். எல்லோரும் களத்தில் வரிசையாகப் போய் நிற்க வேண்டும். அதைப் பெரட்டு என்போம். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நிற்கிறவர்களின் பேரை சூப்பர்வைசர் குடைக்குள்ளிருந்து கூப்பிடுவார்.

அப்பாவுக்கு மரவேலை. மழைக்காலத்துக்கு முன்னால் ஏலச் செடிக்கு நிழல் கொடுக்கும் பெரிய மரங்களில் ஏறி, வெளிச்சம் இறங்குமளவுக்குக் கொம்புகளை வெட்டிவிட வேண்டும். அந்த வருடம் பாதி மரம் வெட்டியிருக்கும்போது கயிறு நழுவி விழுந்தார். செத்துப்போவார் என்றுதான் தூக்கிவந்தார்கள். சாகவில்லை, இடுப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் இருந்த காலமெல்லாம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார்.

விழுந்த மறுநாள் பெரியண்ணன் யாரும் சொல்லாமலே அதே மரத்தில் ஏறி மீதிக் கொம்புகளை வெட்டினான். மேலே நின்று பாட்டுப் பாடினான் என்று கீழே நின்ற பெண்கள் வந்து சொன்னார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மட்டும், "பயமே கிடையாது அவனுக்கு. பட்டாளத்துக்குப் போகவேண்டிய பய" என்றார். இன்றைக்கு யோசித்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. மரத்தில் ஏறி நன்றாக வேலை செய்கிறவனைப் பார்த்து, இவன் மரவேலைக்கு ஏற்றவன் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

பிரச்சினை அந்த அறைதான். தோட்டத்தில் வேலைக்குப் பேர் இருந்தால்தான் அறை. அப்பாவின் பேர் போய்விட்டது. சூப்பர்வைசர் மலையாளி, நல்லவர்தான், வாசலில் நின்று குடையைக்கூட மடக்காமல் சொன்னார்: "சேட்டா, மக்கள்ல ஒருத்தன் பேரு வைக்கணும். காய் எடுப்பு முடியிற வரைக்கும் நான் பாத்துக்கறேன். அது கழிஞ்சா முறி ஒழியணும்." முறி என்றால் அறை. ஒழிவது என்றால் தெருவில் நிற்பது.

ஒருவன் போதும் என்பதுதான் விதி. ஒரு பேருக்கு ஓர் அறை. இன்னொருவன் வேறு எங்காவது பிழைக்க வேண்டும். அந்த வேறு எங்காவது பட்டாளமாக இருக்கட்டும் என்று முடிவானதற்குக் காரணம், ஸ்டோரில் காவலுக்கு இருந்த பட்டாளத்தார்.

அவர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே வேலந்தாவளம். பென்சன் வாங்கிய பிறகும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மலையேறி வந்தவர். பொத்தான் போன காக்கிக் கோட்டு போட்டிருப்பார். பனிமலையைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் சொல்வார். அடுத்து பாலக்காட்டில் ஆள் எடுக்கிறார்கள், ஒரு பையனைத் தன்னோடு அனுப்பினால் தன் வீட்டில் தங்கவைத்து மைதானம் வரைக்கும் கூட்டிப்போவேன் என்றார். யாரை அனுப்புவது என்பதுதான் கேள்வி.

பெரியண்ணனைப் பற்றி லயத்தில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். பள்ளிக்கூடத்தில் மண்டை உடைத்த கதை. சூப்பர்வைசரின் சைக்கிளைத் தூக்கி ஓடையில் போட்ட கதை. சின்னண்ணனைப் பற்றி ஒரு கதையும் கிடையாது. கூப்பிடாமல் எழுந்திருப்பான், தன் பாயைத் தானே சுருட்டுவான். சண்டைகள் பாதிக்கு மேல் சின்னண்ணனை எவனாவது அடித்ததற்காகப் பெரியண்ணன் போட்டவை என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சைக்கிள் ஓடைக்குப் போனதும், சூப்பர்வைசர் சின்னண்ணனைக் களத்தில் முட்டி போடவைத்த அன்றைக்குத்தான்.

ஒரு மாலையில் பட்டாளத்தார் வந்து உட்கார்ந்தார். அம்மா பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள்.

"ஏனுங்க, நாஞ் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. பெரிய பையன் ஆவமாட்டானுங்க."

அப்பா படுத்தபடியே தலையைத் தூக்கினார். "என்னத்துக்கு ஆவமாட்டான்? தேக்கு மாதிரி இருக்கான். எவனுக்காவது பயப்படுதானா?"

"பயப்படாதவன வெச்சுட்டு அங்க என்னங்க பண்றது? ஒருத்தன் வந்து வைவானுங்க. அப்பன் ஆத்தாளச் சேத்தி வைவான். கேட்டுட்டு நிக்கோணும். இவன் நிப்பானுங்களா?"

"அடிச்சிட்டுத்தான் நிப்பான்" என்றாள் அம்மா.

"சின்னவனப் பாருங்க. கெழங்கு குடுத்தாலும் திங்கறான், கஞ்சி குடுத்தாலும் குடிக்கறான். படுன்னா படுக்கறான், எந்திரின்னா எந்திரிக்கறான். ஏனுன்னு ஒரு வார்த்த கேக்கறதில்ல. அதுதானுங்க பட்டாளம்."

"அது மாடுவே!" என்றார் அப்பா.

"மாடுதானுங்க" என்றார் பட்டாளத்தார், கொஞ்சமும் அசராமல்.

"இங்கயும் பெரட்டுக்கு மாடு மாதிரி நிக்கிறவன்தான் வேணும். சின்னவன் நிப்பான். பெரியவனப் பேரு வச்சா ஒரு மாசத்துல எவன் கையவாவது ஒடிச்சிட்டு வருவான், அறையும் போகும். சண்டைக்காரன் சண்டைக்குப் போகட்டும். அடக்கமான பய வீட்டப் பாக்கட்டும். இதுல என்ன யோசனை?" என்றார் அப்பா.

பெரியண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி உதிர்த்துக்கொண்டிருந்தான். சின்னண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். இருவரும் அந்த ஒற்றை அறையில்தான் இருந்தார்கள். இருவரையும் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

யார் லாயக்கு என்று அன்று பேசியதெல்லாம் யாரை விட்டுக்கொடுக்கலாம் என்ற பேச்சுத்தான். அப்பாவுக்கு நாளெல்லாம் படுத்துக் கிடக்கும் வீட்டில் சத்தம் வேண்டாம். அம்மாவுக்குத் தண்ணீர் சுமந்து தருகிறவன் வேண்டும். பட்டாளத்தாரின் பேச்சும் ஒரு மூலையில் உறுத்தியது. கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். முதலில் பெரியவன் போகட்டும். அவன் தேறினால் சின்னவன் பேர் வைக்கலாம். பெரியவன் தோற்றுவந்தால் அவன் பேர் வைக்கட்டும், அடுத்த ஆள் எடுப்புக்குச் சின்னவனை அனுப்பலாம். கர்த்தர் எதைத் திறக்கிறாரோ அதில் நுழைவோம் என்றாள்.

கிளம்பும் நாளில் சின்னண்ணன் சாப்பிடவில்லை. "அண்ணன் போறான்லா, ஏக்கம்" என்று அம்மா அவன் தலையைத் தடவினாள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. பூப்பாறையில் பெரியண்ணனும் பட்டாளத்தாரும் பஸ் ஏறும்போது நானும் ஏறிவிட்டேன். போடி இறங்கும் வரை கவனிக்காதது போலவே பெரியண்ணன் இருந்தான். பிறகு, "தொலைஞ்சு போனா தேட மாட்டேன்லே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்தான். மலை இறங்கிய பிறகு காதுக்குள் சூடு புகுந்தது. பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனோம். அந்தச் சமவெளியைப் பார்த்த பிறகு நான் எந்த ஊரிலும் நிலைக்கவில்லை. அது வேறு கதை.

வேலந்தாவளத்தில் பட்டாளத்தாரின் மனைவி ராகிக் களியும் கீரையும் போட்டு எங்களை உட்காரவைத்தார். பெரியண்ணன் மரியாதையாகக் கேட்டான்: "மாமா சண்டையில எத்தன பேரச் சுட்டாங்க?"

அந்த அம்மாள் சிரித்ததில் கரண்டி கீழே விழுந்தது. "சுட்டாரா? தோசையும் சுட்டதில்ல சாமி! துப்பாக்கி புடிச்சேன்னு மலைமேல சொல்லிட்டுத் திரியறாரா? கரண்டி புடிச்சாரு. பட்டாளத்துக்கே சோறு வடிச்சவரு, இந்த ஊட்டுல ஒரு நாள் உலை வெச்சிருக்காரான்னு கேளு."

"சோறு திங்காம எவன் அம்மணி சுடுவான்?" என்றார் பட்டாளத்தார். முகம் சிவந்துவிட்டது. வரிசையில் தட்டோடு நிற்கிறவர்களைப் பார்த்தேதான் அவர் பட்டாளத்தை அறிந்திருக்கிறார். குறை சொல்லாமல் தின்றவன் நிலைத்திருப்பான், குறை சொன்னவன் ஓடியிருப்பான். பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கினான். அவனுக்குக் களி பிடிக்காது.

மறுநாள் மாட்டுச் சந்தை. எங்களை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனார். சாணி நாற்றமும் தூசியும் மணிச் சத்தமும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறவர்கள். ஒரு தரகர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங் பட்டாளத்தாரே, காளை ஒத்தையா வந்துருக்குது? ஜோடி எங்கீங்க?"

"விக்கறதுக்கு இல்லீங்க. சர்க்காருக்கு."

"பல்லு போட்டுருச்சுங்களா?"

மாட்டுக்கு வயது பார்ப்பது போல எங்கள் தோட்டத்தில் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தால் அவன் பல்லு போயிருக்கும். பெரியண்ணன் வாயை அகலத் திறந்து காட்டினான். கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். எனக்குத்தான் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பாலக்காட்டு மைதானத்தில் விடியற்காலையிலேயே கூட்டம். சட்டையைக் கழற்றி, உயரம் பார்த்து, நெஞ்சைச் சுற்றி நாடா போட்டு அளந்தார்கள். மூச்சை இழுக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். அதில் பெரியண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு ஓட்டம். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். முதலில் வருகிறவர்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள்.

நானும் பட்டாளத்தாரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். மலையில் மூட்டையோடு ஓடுகிறவன் என் அண்ணன். அன்று பாதி ஓட்டத்திலேயே பின்தங்கினான். கால் வலித்து ஓடுகிறவன் போலவும் இல்லை, சந்தையில் வேடிக்கை பார்த்தபடி நடக்கிறவன் போல இருந்தான். எங்கள் பக்கம் வந்தபோது பட்டாளத்தார் வேலியைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகக் கத்தினார்: "உட்ரு கண்ணு! மூச்சக் கெடுத்துக்காத! அடுத்த வாட்டி உன்ற தம்பியக் கூட்டியாந்துக்கலாம்!"

அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு ஓடினான். நாய் துரத்துகிறவன்கூட அப்படி ஓட மாட்டான். ஒவ்வொருவனாகத் தாண்டினான். ஒருவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். கோட்டைத் தாண்டி விழுந்து, முந்தின ராத்திரி தின்ற களியையெல்லாம் வாந்தியெடுத்தான். ஒருவர் வந்து அவன் தோளில் சுண்ணாம்புக் கட்டியால் ஏதோ எழுதினார். எடுத்துவிட்டார்கள்.

"இதென்றா அதிசயம்!" என்று பட்டாளத்தார் தலையைச் சொறிந்தார். திரும்பும் வழியில் ஜன்னல் பக்கத்தைப் பெரியண்ணன் எனக்குத் தரவில்லை.

"நாஞ் சொன்னேன்லா" என்றார் அப்பா. அதைச் சாகும் வரை சொன்னார்.

சின்னண்ணன் பேர் வைத்தான். அறை தங்கியது. பெரியண்ணன் வடக்கே போனான். முதல் வருடங்களில் நிறையத் தண்டனை வாங்கினான் என்று பிற்பாடு தெரிந்தது. மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பது, அந்த மாதிரி. லீவுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். பேச மாட்டான். மரத்தைப் பார்ப்பான். "பட்டாளம் எம்பிள்ளைய ஆளாக்கிருச்சு" என்று அம்மா லயமெல்லாம் சொன்னாள். எனக்கு அது என் அண்ணனின் சட்டையில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அவன் கோபப்படுகிறானா என்று பார்க்கச் சின்ன வயதில் வேண்டுமென்றே அவன் பெட்டியை உதைத்திருக்கிறேன். எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனான்.

நான் திருப்பூர், மாட்டுப்பட்டி, மறுபடி வேலந்தாவளம், ஆந்திராவில் மிளகாய்க் களம் என்று சுற்றினேன். பசித்தும் கிடந்தேன், நன்றாகவும் தின்றேன். எப்போது திரும்பிவந்தாலும் அந்த அறை இருந்தது, சின்னண்ணன் இருந்தான். அப்பாவையும் அம்மாவையும் அங்கிருந்துதான் அடக்கத்துக்குத் தூக்கினோம்.

போன மழைக்கு முன்னால் சின்னண்ணனுக்கும் வேலை முடிந்தது. மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். அவள் எதற்குத் தோட்டத்தில் பேர் வைக்கப் போகிறாள்? அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். மகள் வீட்டுக்குப் போக ஒரு ஜீப் பிடித்தோம். பெரியண்ணனும் வந்திருந்தான். அவன் ரிட்டையராகிக் கோயம்புத்தூரிலேயே ஓர் அடுக்குமாடிக்குக் காவல் இருக்கிறான். வயதானதும் பழைய வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது. வெளியே ஜீப்காரனோடு கயிறு கட்டுவது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே நானும் சின்னண்ணனும் மட்டும். அவன் வெறும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒழிகிற வீட்டை எதற்குக் கூட்டுகிறாய் என்று கேட்டேன். மூலை வரைக்கும் கூட்டினான். பிறகு நிமிர்ந்து, நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான்.

"நான் போகணும்னு இருந்தேன்டா."

"எங்க?"

"பட்டாளத்துக்கு. அன்னைக்குப் பட்டாளத்தாரு என்னச் சொன்னாருல்லா, எனக்கு நெஞ்சு அடிச்ச அடி அடுப்படில எல்லாருக்கும் கேட்டிருக்கும்னு நெனச்சேன். அப்பா என் பக்கம் திரும்புவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீயா சொல்லியிருக்கலாம்லா?"

"கேக்காம எப்படிச் சொல்ல? இங்க இருந்து எப்படியாவது போயிரணும்னு தோணும். தண்டவாளத்த அடிக்கிற சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிடுவேன். நீ நெனச்சா லாரில ஏறிப் போயிட்ட. எனக்கு யாராவது போன்னு சொல்லணும்." குப்பையை முறத்தில் வாரினான். "அண்ணன் தோத்து வரணும்னு அன்னைக்கு ஜெபம் பண்ணுனேன். பசியோட பண்ணுனா கேப்பாருன்னு சாப்பிடாமப் பண்ணுனேன்."

நான் முறத்தை அவன் கையிலிருந்து வாங்கினேன். வாசலில் கொட்டிவிட்டு வந்தேன்.

"முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல நின்னாச்சு. விடு" என்றான்.

சாவியைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினோம். பெரியண்ணன் முன் சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால் சாமான்களுக்கு நடுவில். லயம் மறைந்து ஏலக்காடு தொடங்கும் வளைவில், பெரியண்ணன் ஜன்னல் வழியாக மரங்களை அண்ணாந்து பார்த்தபடி சத்தமாகப் பேச ஆரம்பித்தான்.

"கொம்பு வெட்டுற லட்சணத்தப் பாரு. எவன்லே வெட்டுனான்? நான் இருந்திருந்தா இப்படியா விடுவேன்? எனக்குப் போக இஷ்டமே இல்லலே. தோத்துட்டு வந்து இந்த மரத்துலயே ஏறிரலாம்னுதான் அன்னைக்கு மெதுவா ஓடுனேன். அந்தக் கரண்டி பட்டாளத்தான் வேலியப் புடிச்சிக்கிட்டுக் கத்துதான், தம்பியக் கூட்டியாரலாம்னு. அம்மா சொன்னப்ப உறைக்கல, அப்பத்தான் சுருக்குன்னுச்சு. இவனையா? அடிச்சாத் திருப்பி அடிக்கத் தெரியாத பய. அங்க போட்டு மிதிச்சிருப்பானுவ. அதான் ஓடுனேன்." கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். "என்னலே, ஒரு வாரம் தாங்கியிருப்பியா நீ?"

நான் சின்னண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"தாங்கியிருக்க மாட்டேண்ணே" என்றான் சின்னண்ணன். "நல்ல வேளை, நீ போன."

பெரியண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் திரும்பி, ஜீப்காரனிடம் ரோட்டைக் குறை சொல்லத் தொடங்கினான்.